பனி வண்டியும் ராஜுவின் இடது கண்ணும்

பினாங்கில் தேத்தண்ணிக்குள் ஐஸ் போட்டுக் குடிக்கிறார்கள். ஜோர்ஜ் டவுனுக்கு வந்த முதல் நாள், கடைக்காரர் நீட்டிய கண்ணாடிக் குவளையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஆறிப்போனதைத் தந்து ஏமாற்றுகிறார் என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்தேன். அவர் இன்னும் இரண்டு கட்டி போட்டுத் தந்தார். ஊரில் எங்களுக்கு ஐஸ் என்றால் மீன்பெட்டிக்குள் கிடப்பது. இதை வாசிக்கும் ஊர்க்காரர்கள் சிரிப்பீர்கள். ஆனால் ஐஸைக் குவளைக்கு வெளியே கண்டறியாத இந்த ஊரில்தான் பனியில் ஓடும் வண்டி ஒன்றை என் கையால் கட்டினேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். கனடாவுக்கு அனுப்புவதாகச் சொன்ன ஏஜெண்ட், சண்டைக்குத் தப்பி வந்த எங்கள் சிலரை இங்கே ஒரு விடுதியில் இறக்கிவிட்டுக் காணாமல் போயிருந்தான். என் அண்ணன் எனக்கு முந்தியே டொரொன்டோ போய்ச் சேர்ந்துவிட்டார். நான் ஊரில், சுன்னாகத்தில், இரும்பு கடையும் லேத் வேலை பழகியவன். அந்தத் தொழிலைச் சொல்லி, சிம்பாங் அம்பாட்டில் மணியம் அண்ணனின் பட்டறையில் சேர்ந்தேன். விசா முடிந்துவிட்டதை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அங்கே லேத்தில் ஏற்கெனவே நின்றவன் ராஜு. என் வயதுதான், இந்த ஊரிலேயே பிறந்தவன், பேச்சோடு பேச்சாக ‘லா’ சேர்ப்பவன். என் பேரை அவன் ஒருநாளும் சொன்னதில்லை. ‘சிலோன்’ என்றுதான் கூப்பிடுவான். நான் கதைக்கும் தமிழைத் திருப்பிச் சொல்லிச் சிரிப்பான். மத்தியானம் தன் சோற்றுப் பொட்டலத்தில் பாதியை எனக்குத் தள்ளிவிடுவான்.

பாயான் பாருவில் குடியிருந்த கெவின் என்ற கனடாக்காரன் ஒருநாள் லொறியில் அந்தப் பனி வண்டியைக் கொண்டுவந்து இறக்கினான். பக்கத்து எலக்ட்ரோனிக்ஸ் தொழிற்சாலையில் பொறியாளர். விட்டுவர மனமில்லாமல், வீட்டுச் சாமான்களோடு கொள்கலனில் அதையும் கொண்டுவந்திருந்தான். முன்னால் இரண்டு சறுக்குக் கட்டை, பின்னால் டாங்கியில் இருப்பது போல ஒரு அகன்ற ரப்பர் பட்டி, அதில் வரிசையாக இரும்புக் கவ்விகள். பழைய எஞ்சின் செத்துவிட்டது. ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டிக் கப்பலில் வரும் கார்கள் இங்கே மலிவு. அப்படி ஒரு சின்னக் காரின் எஞ்சினைக் கெவின் வாங்கியிருந்தான். அதில் சூப்பர்சார்ஜர் இருந்தது. காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணித்து வலுவைக் கூட்டும் சாமான். கார் எஞ்சினைப் பனி வண்டிக்குள் உட்கார வைக்க வேண்டும், ஊருக்கு மாற்றலாகிப் போவதற்குள் முடிய வேண்டும் என்றான்.

நானும் ராஜுவும் நான்கு மாதம் அதோடு கிடந்தோம். எஞ்சினைத் தாங்கும் சட்டத்தை அவன் வெட்ட, நான் வெல்டிங் வைத்து ஒட்டினேன். எஞ்சினையும் கிளட்சையும் இணைக்கும் தண்டை ராஜுவின் லேத்தில் மூன்று முறை கடைந்து இரண்டைக் குப்பையில் போட்டேன். மூன்றாவது, மயிரிழை பிசகாமல் பொருந்திய அன்று கெவின் என் தோளைத் தட்டி, “யூ ஹாவ் டு கம் அண்ட் ஸீ ஹெர் ரன் இன் த ஸ்னோ” என்றான். ‘ஹாவ் டு’ என்றால் கட்டாயம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தவன் நான். பனியில் வண்டி ஓடுவதைப் பார்க்கக் கட்டாயம் வரவேண்டும் என்று ஒரு கனடாக்காரன் சொன்னால் அவன் கூட்டிப்போகிறான் என்றுதானே அர்த்தம்? அன்றைக்கே அண்ணனுக்குக் கடிதம் எழுதினேன். குளிருக்கு உடுப்பு எடுத்து வைக்கச் சொன்னேன்.

அந்த ரப்பர் பட்டியில் வெடிப்பு இருந்தது. பினாங்கு வெக்கையில் மூன்று வருடம் காய்ந்து, கவ்விகளின் அடியில் மெல்லிய கோடுகளாகப் பிளந்திருந்தது. துடைக்கும்போது நான்தான் கண்டேன். சொன்னால் வேறு பட்டி வரவழைக்க வேண்டும். அதற்குள் கெவின் போய்விடுவான், என் பயணமும் போய்விடும். எண்ணெய் பூசி மறைத்தேன்.

சோதனை நாள் காலை, வண்டியின் பின்பக்கத்தை இரும்புத் தாங்கியில் தூக்கி நிறுத்தினோம். பட்டி அந்தரத்தில் சுழலும். முடுக்கி என் கையில். பட்டி ஒரு பக்கமாக இழுப்பது போலிருந்தது. பின்னால் நின்று பார், நேராக ஓடுதா என்று சொல் என்று ராஜுவிடம் சொன்னேன். அவன் போய்க் குனிந்தான். கெவின் கட்டை விரலை உயர்த்திக் காட்ட, முழுதாகத் திருகினேன். சூப்பர்சார்ஜர் விசிலடித்தது. அந்தச் சத்தத்தில் எனக்கு வந்த சந்தோஷத்தை இன்றைக்கும் மறைக்க முடியவில்லை. அடுத்த கணம் ஒரு கவ்வி பிய்ந்து பறந்தது. ராஜு அலறவில்லை. முகத்தைப் பொத்திக்கொண்டு, ஏதோ யோசிப்பவன் போலத் தரையில் உட்கார்ந்தான். விரல்களுக்கிடையால் இரத்தம் வடிந்தது. கெவின் முதலில் எஞ்சினை அணைத்தான், பிறகு குனிந்து பட்டியைப் பார்த்தான், அதற்குப் பிறகுதான் ராஜுவைப் பார்த்தான். நான் கெவினைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கும் முதலில் வந்த நினைப்பு, கனடா போச்சே என்பதுதான்.

ஆஸ்பத்திரி வாசலில் மணியம் அண்ணன் கேட்டார்: “அவன யாரு அங்க நிக்கச் சொன்னது?”

“அவனாத்தான் போய் நிண்டவன்,” என்றேன்.

உள்ளே ராஜு மயக்கத்தில் இருந்தான். இடது கண்ணை எடுத்துவிட்டார்கள். கவனமில்லாதவன் என்று மணியம் அண்ணன் முடிவு கட்டிவிட்டார். ஒற்றைக் கண்ணோடு லேத்தில் நிற்க முடியாது என்றும் சொல்லிவிட்டார். அடுத்த வாரம் அந்த லேத் எனக்கு வந்தது. ராஜு தன் சாமான்களை எடுக்க வந்த அன்று, நான் வேலையாக இருப்பது போலக் குனிந்தே நின்றேன்.

புதுப் பட்டியைக் கனடா போய் மாட்டிக்கொள்ளலாம் என்று கெவின் முடிவு செய்தான். மரப்பெட்டியை நானே அடித்தேன். துறைமுகத்தில் பெட்டி ஏறிய பிறகு, என் அரைகுறை ஆங்கிலத்தில், நான் எப்போது வருவது என்று கேட்டேன். அவனுக்கு விளங்கவில்லை. பிறகு சிரித்து, “எனி டைம், மை ஃப்ரெண்ட்” என்று கை குலுக்கினான். ஒரு வருடம் காத்திருந்தேன். ஒரு படம் வந்தது: வெள்ளைவெளேரென்ற வெளியில் எங்கள் வண்டி பாய்கிறது, மேலே முகம் தெரியாத ஒருவன். பின்பக்கம், நன்றாக ஓடுகிறது, நீ பார்த்திருக்க வேண்டும் என்று எழுதியிருந்தான். இந்த முறை அந்த ஆங்கிலம் எனக்குச் சரியாக விளங்கியது.

சில வருடங்கள் கழித்து, இங்கே தங்குவதற்கு அனுமதி கேட்டு மனுப்போட்டேன். என்னைத் தெரிந்த உள்ளூர்க்காரர் ஒருவரின் கையெழுத்து தேவைப்பட்டது. மணியம் அண்ணன் வம்பு வேண்டாம் என்று கைவிரித்துவிட்டார். எனக்குத் தெரிந்த இன்னொரு ஆள் ராஜுதான். பாயான் பாருவில் ஒரு தொழிற்சாலை வாசலில் காவலாளியாக இருந்தான். தாளை நீட்டினேன். ஒற்றைக் கண்ணால் முழுவதையும் வாசித்தான். கையெழுத்துப் போட்டுவிட்டுச் சொன்னான்:

“நீதான் அங்க நிக்கச் சொன்ன. எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு சிலோன்.”

பிறகு ஏன் போட்டாய் என்று மட்டும் கேட்டேன்.

“போடலன்னா உன்ன ஊருக்கு அனுப்பிருவாங்க. அங்கேருந்து நீ எப்படியாச்சும் கனடா போயிருவ. போய் மறந்துருவ. நீ இங்கயே இருலா. வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம வந்து என்னப் பாரு.”

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதுமட்டும் வேண்டாம் என்று கையைக் காட்டி நிறுத்திவிட்டான்.

அனுமதி கிடைத்தது. தன் பொறுப்பில் என்னைக் கூப்பிட அண்ணன் பொன்சர் செய்து அனுப்பிய கனடாப் படிவங்களும் போன மாதம் வந்து சேர்ந்தன. நிரப்பாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் பஸ் பிடித்து அந்த வாசலுக்குப் போகிறேன். ராஜு எனக்கு ஒரு நாற்காலி போடுவான், எப்போதும் தன் இடது பக்கத்தில். ஷிஃப்ட் முடிந்து போகிறவர்களோடெல்லாம் வலப்பக்கம் திரும்பிப் பேசுவான். யார் இவர் என்று யாராவது கேட்டால், “நம்ம ஆளுதான்லா” என்பான், என் பக்கம் தலையைத் திருப்பாமலே. அவன் பார்வையில் படாத அந்தப் பக்கத்தில், சட்டைப்பையைப் பொத்தியபடி, கேட் மூடும்வரை உட்கார்ந்திருப்பேன்.