குண்டு தட்டவில்லை

தனபாலன் அண்ணன் போய்விட்டார் என்ற செய்தி நம் பழைய சைட் வாட்சாப் குழுவில் வந்தபோது, பிரிக்ஃபீல்ட்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கூப்பிய கைகள் வரிசையாக வந்தன. "தங்கமான மனுஷன்" என்று முதலில் எழுதியவர் நம் மேனேஜர். இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

கிள்ளான் ஆற்று ரயில் பாலத்துக்கு பைலிங் போட்டு, தூண்களுக்கு அடியில் கான்கிரீட் அஸ்திவாரம் இறக்கிய நம் எல்லோருக்கும் செந்தூல்காரரான அண்ணனைத் தெரியும். சூப்பர்வைசர். ஆற்றுப் படுகையில் துளையிட்டு, கான்கிரீட் ஊற்றுவதற்கு முன், நாடாவில் கட்டிய இரும்புக் குண்டைத் தன் கையால் இறக்கிப் பார்ப்பார். அடியில் பாறை என்றால் குண்டு தட்டுவது கைக்குத் தெரியும். சேறு கிடந்தால் அமுங்கும்.

"இந்தக் குண்டுக்கு யாரு பாஸ்னு தெரியாதுலா, தங்கச்சி" என்பார்.

நான்காவது தூணுக்கு பைல் போட்ட அன்று மழை, ஆறு ஏறிக்கொண்டிருந்தது. கான்கிரீட் லோரிகள் வரிசைகட்டி நின்றன. அண்ணன் மூன்று முறை குண்டை இறக்கினார்.

"தட்டல. சேறு இருக்கு. திரும்பக் கழுவணும்."

"லோரியெல்லாம் வந்திருச்சு அண்ணே, கான்கிரீட் கெட்டியாயிரும்லா" என்றார் மேனேஜர்.

"ஆகட்டும். நான் சைன் பண்ண மாட்டேன்."

துளையின் அடி சுத்தம் என்று கையெழுத்திட வேண்டிய ஃபாரத்தை மேனேஜர் என் பக்கம் நீட்டினார். நான் சைட் இன்ஜினியர். நாடாவை ஒரு முறை கையில் வாங்கிப் பார்த்திருக்கலாம். பேனாவைத்தான் வாங்கினேன்.

அண்ணன் திட்டவில்லை. நாடாவைச் சுருட்டிக்கொண்டே, "ஆத்துக்கு அடியில போயி யாரு பார்க்கப் போறா, அதானே?" என்றார்.

சுமை ஏற்றிச் சோதித்தபோது பைல் இறங்கியது. விசாரணையில் மேனேஜர், "அடியைப் பார்க்க வேண்டியது சூப்பர்வைசர்" என்றார். ஃபாரம் மேசைக்கு வரவேயில்லை. நான் வாயில் கொழுக்கட்டை வைத்திருந்தேன். இந்தக் குழுவில் இருக்கும் நீங்களும்தான். பக்கத்தில் இரண்டு பைல் சேர்த்துப் பாலத்தைச் சரிசெய்துவிட்டோம். அவரை வெளியே அனுப்பினோம். அதன்பிறகு எந்த சைட்டும் அவரை எடுக்கவில்லை. செராஸில் ஒரு காண்டோ குடியிருப்பின் வாசலில் ஜாகாவாக, காவல் வேலை பார்த்தே செத்தார்.

சாவு வீட்டில் அவர் மனைவி அந்த நாடாவைக் குண்டோடு என் கையில் வைத்தார்.

"உன்கிட்ட குடுக்கச் சொன்னாரு. ஒரு தடவையாச்சும் புடிச்சிப் பார்க்கட்டும்னாரு."

குண்டு இப்போது என் மேசை மேல் இருக்கிறது. இத்தனை நாள் என்னிடமே இருந்த அந்த ஃபாரத்தின் நகலும்தான். குழுவில் அஞ்சலி எழுதச் சொன்னீர்கள். நகலைப் படம் எடுத்து இதோடு அனுப்பியிருக்கிறேன். அதில் இருப்பது என் கையெழுத்து.