புஷ்பா அக்கா கழற்றிய வயர்

செவ்வாய்க்கிழமை காலை, பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்கு வேலைக்கு வரும் வழியில், ரயிலில் நின்றுகொண்டிருந்தபோது லெட்சுமி அழைத்தார். எங்கள் முதியோர் இல்லத்தின் சமையலறையைப் பார்த்துக்கொள்பவர். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். "புஷ்பாக்கா போயிட்டாங்க சார். குளிச்சிட்டு வந்து நாற்காலியில உக்காந்தாங்களாம். அவ்வளவுதான்." நான் உடனே கேட்டது இது: "அப்ப இன்னைக்கு லாண்டரிய யாரு பார்க்கிறது?" லெட்சுமி "நானே பார்த்துக்கிறேன் சார்" என்று சொல்லி வைத்துவிட்டார். பதினொரு வருடம் நிர்வாகியாக இருந்தவனுக்கு முதலில் அந்தக் கேள்விதான் வருகிறது. கிள்ளான் வந்து சேரும்வரை என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

அக்காவோடு வேலை பார்த்த உங்களுக்கு அவரைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவருக்கு நான் ஒரு தவறு செய்திருக்கிறேன். ஒன்பது வருடத்தில் அவருக்கு நான் எழுத்தில் கொடுத்தது ஒரே ஒரு கடிதம். அது எச்சரிக்கைக் கடிதம். கொடுத்திருக்கவே கூடாது. அதை அவர் முகத்துக்கு நேரே சொல்ல முடியாமல் போய்விட்டதால் உங்களிடம் சொல்கிறேன்.

முப்பது பேருடைய துணியையும் பெயர் பார்க்காமலே பிரித்து வைப்பார். யாராவது அவசரப்படுத்தினால் "அவசரம்னா ஈரத்தோட போட்டுக்குங்க" என்பார். நிர்வாகக் குழு உறுப்பினர்கள் வரும் நாளில் என் அறைத் திரைச்சீலையைக் கேட்டபோது எனக்கும் அதே பதில்தான். இல்லத்தில் யாராவது இறந்துபோனால், அவருடைய துணி முழுவதையும் இன்னொரு முறை துவைத்து, மடித்து, பையில் போட்டுத்தான் குடும்பத்திடம் கொடுப்பார். சுத்தமாக இருப்பதை எதற்குத் துவைக்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "அழுக்கு வாடை வந்தா நாம பார்த்துக்கலன்னு நெனச்சிடுவாங்க சார்" என்றார். சோப்பு வீணாகிறது என்று நான் முணுமுணுத்தேன்.

லாண்டரியில் இருக்கும் டிரையர் யாரோ நன்கொடையாகக் கொடுத்த பெரிய இயந்திரம். துணி காய்ந்து முடிந்ததும் அது அலறும் அலறல் வாசல் கேட்வரை கேட்கும். அதை நிறுத்த ஒரு பொத்தானும் கிடையாது. எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டார்கள், என்னைத் தவிர. அந்தச் சத்தத்தை நம்பித்தான் அக்காவைச் சமையலறையில் காய் நறுக்கவும் போட்டிருந்தேன். அலறியதும் வெங்காயக் கையோடு ஓடுவார்.

போன வருடம் ஒரு நாள், இல்லத்துக்குப் புதிதாக வந்து சேர்ந்திருந்த காளிமுத்து அங்கிள் கேட்டைத் தாண்டி லோரி போகும் சாலைக்குப் போய்விட்டார். துறைமுகத்தில் முப்பது வருடம் மூட்டை தூக்கியவர். பண்டமாரானில் வீடு இருந்தது, இப்போது இல்லை. அது அவருக்கு நினைவில் நிற்பதில்லை. நான் பதிவேட்டில் எழுதினேன். இரண்டாவது முறை வெளியே போனால் மேல் மாடிக்கு மாற்ற வேண்டும் என்பது விதி. அதை எழுதியவனும் நான்தான். மேல் மாடிக் கம்பிக் கதவு எப்போதும் பூட்டியிருக்கும். அங்கே போனவர்கள் யாரும் திரும்பக் கீழே வந்து நான் பார்த்ததில்லை.

அதற்கு மறுவாரம் டிரையர் ஊமையாகிவிட்டது. பின்பக்க மூடியைத் திறந்து பார்த்தால், ஒரு வயர் கழற்றப்பட்டு, முனையில் டேப் சுற்றியிருந்தது. அக்காவைக் கூப்பிட்டேன்.

"யாரக் கேட்டுக் கழட்டுனீங்க?"

"யாரையும் கேக்கல சார்."

"ஏன் கழட்டுனீங்க?"

"சத்தம் தாங்கல சார்."

இன்னொரு முறை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இல்லத்தின் பொருளைச் சேதப்படுத்தியதாகக் கடிதம் அடித்துக் கொடுத்தேன். படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். அன்று முதல் காய்க் கூடையை டிரையர் பக்கத்தில் கொண்டுபோய் வைத்து, ஸ்டூலில் உட்கார்ந்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நறுக்கினார். வீம்புக்குச் செய்கிறார் என்று நினைத்தேன்.

இறுதிச் சடங்குக்கு மாலையோடு போனேன். அவருடைய மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா உங்களப் பத்திச் சொல்லுவாங்க சார்" என்றார். என்ன சொன்னார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் புதிதாக ஒரு பெண் லாண்டரிக்கு வந்தார். அவருக்கு நேரம் பிடிபடவில்லை என்பதால் ஆளை வரவழைத்து அந்த வயரைத் திரும்ப மாட்டச் சொன்னேன். மதியம் டிரையர் அலறியது. கூடத்தில் உட்கார்ந்திருந்த காளிமுத்து அங்கிள் எழுந்தார். செருப்பைத் தேடி மாட்டினார். காலிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டை நோக்கி நடந்தார். கேட்டைத் தாண்டிய பிறகுதான் நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"சைரன் அடிச்சிருச்சுலா பொஸ். வேல முடிஞ்சது. வீட்டுக்குப் போறேன்."

பின்னாலேயே வந்த லெட்சுமி, "இன்னும் அடிக்கல அங்கிள், வந்து உக்காருங்க" என்று அவரை அழைத்துப் போனார். திரும்பி வந்து என்னிடம் சொன்னார்: "அக்கா இப்படித்தான் சொல்லுவாங்க சார். இந்தச் சத்தத்துக்குத்தான் அவரு வெளிய போறாருன்னு கண்டுபிடிச்சு வயரக் கழட்டுனாங்க."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க மேல அனுப்பிடுவீங்கன்னாங்க."

அனுப்பியிருப்பேன். சந்தேகமே இல்லை.

வயரை அன்றே கழற்றச் சொல்லிவிட்டேன். கடிதத்தைக் கோப்பிலிருந்து எடுத்துக் கிழித்தேன். இனி அதனால் அவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. விதிப்படி அங்கிளுக்கு இது இரண்டாவது முறை. பதிவேட்டில் நான் எழுதவில்லை. குழுவிடம் சொல்ல வேண்டும் என்று உங்களில் யாருக்காவது தோன்றினால் சொல்லிக்கொள்ளுங்கள்.

மதியம் மூன்று மணி ஆனால் அங்கிள் என் அறை வாசலில் வந்து நின்று, "சைரன் அடிச்சாச்சா?" என்று கேட்கிறார். "இன்னும் அடிக்கல அங்கிள், உக்காருங்க" என்கிறேன். புஷ்பா அக்காவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது இந்த ஒரு வாக்கியம்தான். அவர் சொன்னால் அங்கிள் உடனே உட்கார்ந்துவிடுவாராம். நான் சொன்னால் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறார்.