கிளுவை வேலிக்குள் கேட்ட கூப்பாடு

காலை ஐந்து ஐம்பதுக்கு ஜீப்பை விட்டு இறங்கியதும் முதலில் என் கண்ணில் பட்டது, மாரப்பன் போர்த்தியிருந்த போர்வை. காய்ந்த கொழுக்கட்டைப் புல்லின் நிறம். இரண்டு எட்டு வைத்துக் காட்டுக்குள் போனால் ஆள் தெரியாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் நடுவில் நான் திருப்பூரில் ஒரு நாளிதழின் பகுதி நேர நிருபர். கௌதாரி வேட்டை பற்றி ஞாயிறு மலருக்கு ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள். பனியன் கம்பெனி ஒன்றின் சின்ன முதலாளி, கல்கத்தா வியாபாரிக்கு விருந்து வைக்கக் கௌதாரி தேடிக் காங்கேயம் பக்கத்துக் கொறங்காட்டுக்குப் புறப்பட்டார். கால்நடை மேயும் அந்தப் புல்காட்டைச் சுற்றிலும் கிளுவை முள்வேலி. நானும் ஒட்டிக்கொண்டேன். மாரப்பன் அவர் கம்பெனியில் துணி வெளுப்பவர். கையைக் குவித்துப் பெட்டைக் கௌதாரி போலக் கூப்பிடுவதில் பேர் பெற்றவர்.

இறங்கிய இடத்திலேயே வாக்குவாதம்.

"கூப்புட்டா அதுவா வருமுங்க மொதலாளி. கண்ணி வெச்சுப் புடிச்சுக்கலாம்" என்றார் மாரப்பன்.

"ஊட்டுக்காரியக் கூப்புட்டே ஒரு வாட்டி வந்ததில்ல, உனக்குக் கவுதாரி வருதாக்கும்? தண்ணித் தொட்டிகிட்ட பதுங்கினா தன்னால வரும், சுட்டுக்கலாம்."

"ஊட்டுக்காரி வேறீங்க. கவுதாரி நம்ம பேச்சக் கேக்குமுங்க."

ஆளுக்கொரு வழி என்று முடிவானது. கூப்பிடுகிறவர்கள் உட்காரும் இடத்தை முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் பறவை வராது என்பது நம்பிக்கை. மாரப்பன் சொல்லவில்லை. முதலாளி கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

தொட்டிக்குப் பின்னால் கற்றாழை மறைவில் முதலாளியும் நானும் உட்கார்ந்தோம். "இருமினீங்கன்னா விருந்துக்கு உங்களத்தான் அறுக்கோணும்" என்று என்னிடம் சொல்லிவிட்டு முதலாளி துப்பாக்கியில் தோட்டா போட்டார். கூப்பாடு இடப்பக்கம் தொலைவில் கேட்டது. பிறகு நின்றுவிட்டது. வெகுநேரம் எதுவும் இல்லை. தொட்டிக்கும் எதுவும் வரவில்லை.

திடீரென்று எதிர் வேலியின் அடியில் கூப்பாடு. மூன்று தடவை, ஒன்றைவிட ஒன்று உயர்ந்து. கிளுவைத் தூரில் பழுப்பாக ஏதோ அசைந்தது. ஒரு கையகலம்தான் தெரிந்தது. துப்பாக்கிக் குழல் அந்தப் பக்கம் திரும்பியது.

பறவையா, போர்வையா? மாரப்பன் இடம் மாறியிருக்கலாம். மாறாமலும் இருக்கலாம். முதலாளியின் விரல் விசை மேல் போனதைப் பார்த்தேன்.

"மாரப்பண்ணா!" என்று கத்தினேன்.

பதில் இல்லை. முதலாளி குழலைத் தாழ்த்தவில்லை. "அவன் அந்தக் கோடியில இருக்கறான். வாய மூடுங்க" என்றார் பல்லைக் கடித்து.

பழுப்பு அங்கேயே இருந்தது.

"ஏனுங்க, கவுதாரியா இருந்தா இந்தச் சத்தத்துக்குப் பறந்திருக்காதுங்களா?"

அவர் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு குழல் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது.

பழுப்பு அசைந்த வேலித் தூரிலிருந்து மாரப்பன் எழுந்து நின்றார். முகமெல்லாம் கோபம்.

"ஏனுங்க சார், கொஞ்சமாச்சும் புத்தி வேண்டாமுங்களா? வேலிக்கு அந்தப் பக்கமா ரெண்டு சேவக் கவுதாரி, கண்ணிகிட்ட வந்துருச்சுங்க. எம் பேரச் சொல்லிக் கத்துனா நிக்குமுங்களா? இனிமே இந்த ஆளக் கூட்டிட்டு வராதீங்க மொதலாளி!"

முதலாளி துப்பாக்கியை என்னிடம் நீட்டினார். தோட்டாவை நான்தான் வெளியே எடுத்தேன்.

புதிதாக வரும் நிருபர்களுக்கு ஒன்று சொல்வேன். யார், என்ன, எப்போது என்று கேட்கிறோம். எங்கே என்பதற்கு ஊர்ப் பெயரை எழுதி முடித்துவிடுகிறோம். அது போதாது. எந்த இடத்தில், எந்தப் பக்கம் பார்த்து என்பதையும், சம்பவம் நடப்பதற்கு முன்பே கேட்க முடிந்தால் கேட்டுவிட வேண்டும்.

திரும்பும்போது சின்ன முதலாளி மாரப்பனை ஜீப்பின் முன் சீட்டில் உட்கார வைத்தார்.