முப்பத்தொரு கோல் அடித்த ஹொரியா

ஜியு பள்ளத்தாக்கில் உள்ள எங்கள் சுரங்க ஊரின் கால்பந்து அணிக்கு ஹொரியா ஒரே சீசனில் முப்பத்தொரு கோல் அடித்தார். அந்த சீசனில்தான் அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது. எதிரணி எங்கள் கோலைச் சூழ்ந்து நிற்கும்போது, அவர் நடுக்கோட்டருகே இடுப்பில் கை வைத்து நிற்பார்.

"கொஞ்சம் பின்னால வந்து தடுய்யா!" என்று மற்றவர்கள் கத்துவார்கள்.

"நான் அடிக்க வேண்டிய கோல் இந்தப் பக்கம்தானே இருக்கு!" என்பார்.

வயதானதும் அதே அணிக்குப் பயிற்சியாளரானார். முதல் நாளே எல்லோரும் பின்னால் வந்து தடுக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். அதன்பின் பாதி ஆட்டங்களில் இரு பக்கமும் கோலே விழவில்லை. பார்க்க வந்தவர்கள் சூரியகாந்தி விதையைக் கொறித்துவிட்டுப் போனார்கள்.

கடைசி ஆட்டத்தில் சமன் செய்தாலே பிரிவில் தங்கிவிடலாம். கோஸ்மின் என்பவன் மட்டும் சொல் கேளாமல் முன்னாலேயே நின்று, கிடைத்த ஒரே பந்தைக் கோலாக்கினான். அரங்கமே துள்ளியது. ஹொரியா அவனை உடனே வெளியே அழைத்துவிட்டார்.

"கோல் அடிச்சேனே, அண்ணே!"

"அடிச்ச. பின்னால வந்தியா?"

அந்தக் கோலால்தான் வென்றோம். மறுநாள் பத்திரிகையில் கோஸ்மினின் படம் வந்தது. கீழே 'இன்னொரு ஹொரியா' என்று போட்டிருந்தார்கள். ஹொரியாவின் மனைவி ஸ்மாராந்தாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"நீயும் இப்படித்தானே நின்ன? உன்னை யாரும் வெளிய கூப்பிடலையே!"

"கூப்பிட்டிருக்கணும்," என்றார் ஹொரியா. ஆனாலும் அந்தப் படத்தைக் கத்தரித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.