பபூன் இல்லாத நாடகம்

ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். போய்ப் பாருங்கள், இந்த நாடகத்தைப் போய்ப் பாருங்கள் என்று. காப்பிக் கடை பெஞ்சில், கடற்கரையில், பூசை முடிந்து கோயில் வாசலில் கலையும் கூட்டத்தில். அச்சுக்கூடத்தில் பிழை திருத்தும் வேலை எனக்கு. மை உலராத நோட்டீஸைக் கையில் பிடித்துக்கொண்டு எதிரே வந்தவரிடமெல்லாம் சொன்னேன். ஒருத்தியிடம் மட்டும் சொல்ல நா எழவில்லை. அவள் என் வீட்டிலேயே இருந்தாள். என் அக்கா.

சின்ன வயதில் காய்ச்சல் கண்டு அவளுக்கு வலது கால் சூம்பிப்போயிற்று. கோல் ஊன்றித்தான் நடப்பாள். அதுவும் வீட்டுக்குள். வெளியே போவது ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலின் முதல் பூசைக்கு மட்டும், தெரு விழிக்கும் முன்பு, புஷ் வண்டியில். பின்னால் ஆள் தள்ள, முன்னால் உட்கார்ந்திருப்பவரே கைப்பிடியைத் திருப்பி ஓட்டுகிற எங்கள் ஊர் வண்டி அது. அக்கா பிடித்தால் தெருமுனையில் வண்டி சிட்டாகத் திரும்பும். "மெதுவாம்மா, மெதுவா" என்று தள்ளுகிறவர் பின்னாலிருந்து கெஞ்சுவார். கோயில் வாசலில் இறங்கினால் பீடத்துக்குச் சற்று தூரம். அந்தச் சற்று தூரத்துக்காகத்தான் அவள் இருட்டை எடுத்துக்கொண்டிருந்தாள்.

அந்த வருஷம் மழை ஓய்ந்த கையோடு ஒரு மாசேர் வீட்டுக்கு வந்தார். கன்னியர் மடத்துப் பெண் துறவிகளை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அக்கா பின்னிய லேஸைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மடத்துப் பள்ளியில் தையல் சொல்லித்தர வருகிறாயா என்று கேட்டார். மடம் எங்கள் தெருக்கோடியில்தான். வருவதானால் திங்கட்கிழமை காலை வா, வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அத்தன பொண்ணுங்க முன்னால நொண்டிகினு போயி நிக்கணுமா? கரும்பலகை வரைக்கும் போறதுக்குள்ள சிரிச்சி முடிச்சிடும்ங்க."

"சிரிக்காதுக்கா."

"உனக்கு என்னாடா தெரியும்? உன் நடையப் பாத்து எவனாவது சிரிச்சிருக்கானா? உன் கவிதையப் படிச்சித்தான் சிரிச்சிருப்பான்."

அவளுக்குப் போக ஆசை என்பது எனக்குத் தெரிந்தது. மாசேர் விட்டுச்சென்ற மாதிரித் துணியை அவள் மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

நாடகத்தை நான் பார்த்தது ஒத்திகையில். நோட்டீஸ் வாசகம் எழுதித் தரச் சொல்லிக் கம்பெனி முதலாளி என்னைக் கொட்டகைக்கு அழைத்திருந்தார். வழக்கம்போல் கிரீடமும் ரிஷியும் இருக்கும் என்று போனேன். மேடையில் துறைமுகம். மூட்டை விழுந்து கால் நசுங்கிப்போன ஒரு கூலிக்காரன். அவன் தண்ணீருக்குப் போகிறான். வேலை கேட்டுப் போகிறான். பெண் கேட்டுப் போகிறான். எல்லாவற்றுக்கும் நடந்தாகவேண்டும், ஒவ்வொரு நடைக்கும் ஒரு பாட்டு. எந்தச் சாமியும் இறங்கி வந்து காலைத் தடவிக்கொடுக்கவில்லை. கடைசிப் பாட்டு வரைக்கும் கால் அப்படியே இருக்கிறது. அந்தக் கடைசிப் பாட்டில் என் கையிலிருந்த பென்சில் கீழே விழுந்தது. குனிந்து எடுக்கத் தோன்றவில்லை.

வேடம் கட்டியவர் ஒரு காலத்தில் அதே கம்பெனியின் ராஜபார்ட். ஆகாயத்தில் பறக்கிற காட்சியில் கயிறு அறுந்து விழுந்தவர். கால் போனதும் அவருக்குப் பபூன் வேடம் கொடுத்தார்கள். எங்கள் மேடையில் நொண்டி என்றாலே பபூன்தான். குடத்தைத் தூக்கிக்கொண்டு வருவான், தடுக்கி விழுவான், சனம் உருளும். அவர் மாட்டேன் என்றார். உட்கார்ந்து இந்த நாடகத்தைத் தானே கட்டினார்.

"இதுல பபூனே கெடையாது முசே. அதையும் எழுதிடுங்க" என்றார் என்னிடம், ஊர் வழக்கப்படி ஐயாவுக்குப் பதில் முசே போட்டு.

எழுதினேன். முதலாளி அந்த வரியை அடித்துவிட்டார்.

"பபூன் இல்லன்னு போட்டா எவன் வருவான்? நீயும் நானும் உக்காந்து பாத்துகினு இருக்கவேண்டியதுதான்."

அடித்த இடத்தில், எல்லா நோட்டீஸின் கடைசியிலும் வருகிற வரியைத் தன் கையாலேயே சேர்த்தார்: பபூன் காமிக் உண்டு. ரோஸ் தாளில் அச்சாயிற்று. மாட்டுவண்டி பாண்டு வாத்தியத்தோடு ஊரைச் சுற்றியது, தாள்கள் பறந்தன. ஒன்று எங்கள் வாசலில் விழுந்தது.

மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது அது அக்காவின் கையில் இருந்தது.

"'துறைமுகத்தான் நடக்கிறான், வந்து பாருங்கள்.' நீ எழுதினதுதான?"

"ஆமா."

"நொண்டிக் கதையில பபூன் எதுக்குடா?"

"அந்த வரி என்னுது இல்லக்கா. முதலாளி போட்டது. பபூன் கெடையாது, சத்தியமா."

அவள் தாளை மடித்து ஊசிப் பெட்டிக்குள் வைத்தாள்.

"அப்ப நானும் வர்றேன். ஞாயித்துக்கெழம பாத்துட்டு திங்கக்கெழமைக்கு என்னான்னு முடிவு பண்றேன்."

சந்தோஷப்பட வேண்டியவன்தான் நான். ஆனால் அன்றைக்கே யோசிக்கத் தொடங்கினேன். ஒத்திகையில் எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் கம்பெனி ஆட்கள். அவர்கள் கயிறு அறுந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள். ஊர் அதைப் பார்க்கவில்லை. ஊர் கையில் இருப்பது ரோஸ் தாள்.

பெண்கள் வர வசதியாக ஞாயிறு ஆட்டத்தை மாலையிலேயே வைத்திருந்தார்கள். தகரக் கொட்டகை. ஆண்களுக்குப் பெஞ்சு, பெண்களுக்குப் பாய், நடுவே ஆள் உயர மூங்கில் தட்டி. அக்காவைப் புஷ் வண்டியில் அழைத்து வந்து பெண்கள் வாசலில் விட்டேன். உள்ளே போகும் கோலின் சத்தம் கேட்டது. பிறகு கூட்டத்தின் இரைச்சல் அதை விழுங்கிவிட்டது. நான் என் பெஞ்சுக்கு வந்தேன். எவ்வளவு எட்டிப் பார்த்தாலும் தட்டிதான் தெரிந்தது.

மணி அடித்தது. திரை ஏறியது. வரைந்த கடல், வரைந்த கப்பல். ஆளே இல்லாத மேடை. முதலில் உள்ளேயிருந்து ஓசை மட்டும்.

டொக். இழுக்கும் கால். டொக்.

அவர் வந்தார்.

எனக்குப் பின்னாலிருந்த பெஞ்சில் ஒருத்தர் தொடையைத் தட்டினார். "டேய், பபூன் வந்துட்டான்டா!"

கொட்டகை வெடித்தது. அப்படித்தான் சொல்லவேண்டும். தகரக் கூரை அதிர்ந்தது. அந்தச் சிரிப்பில் கெட்ட மனசு இல்லை; அதுதான் எனக்குத் தாங்கவில்லை. காசு கொடுத்து வந்தவர்கள் நோட்டீஸில் சொன்னதைக் கண்டுகொண்ட நிம்மதியில் சிரித்தார்கள். தட்டிக்கு அந்தப் பக்கமும் சிரித்தார்கள். வளையல்கள் குலுங்குவது கேட்டது. அந்த வளையல்களுக்கு நடுவில் என் அக்கா.

"ஒன்ஸ் மோர்!"

யார் ஆரம்பித்தார்களோ. நொடியில் கொட்டகை முழுக்க அதே குரல். ஒன்ஸ் மோர் கேட்டால் திரும்பச் செய்தாகவேண்டும். அது மேடையின் சட்டம். பாட்டானாலும் சரி, சண்டையானாலும் சரி. செத்து விழுந்த ராஜாக்கள் எழுந்து இன்னொரு முறை செத்ததை நானே பார்த்திருக்கிறேன். ஆர்மோனியக்காரர் கட்டையில் விரலை வைத்தபடி அவரையே பார்த்தார். அவர் சபையைப் பார்த்தார். கும்பிட்டார். திரும்பி உள்ளே போனார்.

டொக். இழுக்கும் கால். டொக். மறுபடி வந்தார்.

மறுபடி சிரிப்பு. மறுபடி ஒன்ஸ் மோர்.

அந்தச் சத்தத்துக்கு இடையில் தட்டிக்குப் பின்னால் இன்னொரு கோல் தரையில் தட்டியது போல எனக்குக் கேட்டது. எழுந்துவிட்டாள். வெளியே வரப்போகிறாள். கால்களை மிதித்துத் தாண்டி, திட்டு வாங்கி, கொட்டகையைச் சுற்றிக்கொண்டு பெண்கள் வாசலுக்கு ஓடினேன்.

அங்கே டிக்கெட் கிழிக்கிற அம்மாள் காலை நீட்டி வழியை அடைத்து உட்கார்ந்திருந்தார்.

"எங்க ஓடுற முசே? இது பொம்பளைங்க பக்கம்."

"எங்க அக்கா உள்ள இருக்காங்க. கோலு ஊனிகினு வந்தாங்களே."

"அவங்களா. வாசலோரமாத்தான் எடம் கேட்டு உக்காந்தாங்க."

வாசலோரம். எழுந்து ஓட வசதியாக.

"கொஞ்சம் கூப்பிடுங்க. வீட்டுக்குப் போலாம்னு சொல்லுங்க."

"நாடகம் இப்பதான தொடங்குது! உள்ள எப்படிச் சிரிக்கிறாங்க பாரு."

"அதுக்குத்தான் கூப்பிடச் சொல்றேன்."

"நல்லா இருக்குதே. கொட்டகைக்கு வந்தா சிரிக்கத்தான் சிரிப்பாங்க. அழுவணும்னா வீட்லயே உக்காந்து அழுவலாமே, எதுக்கு டிக்கெட்டு?"

நான் வண்டிக்குப் பக்கத்தில் நின்றேன். தகரத்துக்கு அந்தப் பக்கம் எல்லாம் காதில்தான் நடந்தது. டொக். சிரிப்பு. ஒன்ஸ் மோர். டொக். சிரிப்பு கொஞ்சம் மெலிந்தது. விசில் ஒன்று கிளம்பிப் பாதியில் நின்றது. அவர் மறுபடி வந்திருக்கவேண்டும். முன்னைவிட வேகமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை. யாரோ ஒருத்தர் தனியாக ஒன்ஸ் மோர் என்றார், பழக்க தோஷத்தில். அந்த ஒருத்தருக்காகவும் வந்தார் போலிருக்கிறது. பிறகு டொக், டொக் மட்டும். மேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் அந்த ஓசை போய் நின்றது. ஓர் இருமல்கூட இல்லை. அதற்கப்புறம்தான் ஆர்மோனியம் எழுந்தது.

ஊரெல்லாம் போய்ப் பார் என்று சொன்னவன் அந்த ஆட்டத்தைப் பார்க்கவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன். இப்போது வருவாள், இந்தப் பாட்டு முடிந்ததும் வருவாள். திரைச்சீலை அசையும் போதெல்லாம் ஓர் அடி முன்னால் வைத்தேன். வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த அம்மாள், "நிக்கிற நிப்பப் பாத்தா அக்காவக் கட்டிக்குடுக்க வந்தவன் மாதிரி இருக்குதே" என்றார். வருகிறவர் யாரும் இல்லை. தகரத்தின் வழியே பாட்டு கசிந்தது:

என் நிழலும் என்னோடு நொண்டுதடி – அதற்கு
எந்த மருந்தும் வேண்டாம் என்குதடி.

கடைசியில் கூட்டம் கலைந்து, எல்லோரும் போன பின்பு அக்கா வந்தாள். முகத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை. வண்டியில் ஏறினாள். கைப்பிடியைப் பிடித்தாள். முனைகளில் வண்டி மெள்ளத் திரும்பியது. தள்ளுகிறவரே ஆச்சரியப்பட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பக்கத்தில் நடந்தேன். கேட்கப் பயம். கேட்காமலிருக்கவும் முடியவில்லை. வீட்டுக் கதவைத் திறக்கும்போது கேட்டேவிட்டேன்.

"சிரிச்சாங்க, இல்லக்கா?"

"ம். என் பக்கத்துல உக்காந்தவளும் சிரிச்சா. என் கோலப் பாத்துட்டு வாயப் பொத்திகினா, பாவம்."

"ஏன் எழுந்து வரல?"

"அவரு எத்தினி வாட்டி வருவாருன்னு பாத்துகினு இருந்தேன்." கோலைச் சுவரில் சாத்தினாள். "அவங்களுக்குத்தான்டா மொதல்ல சலிச்சிப்போச்சு."

திங்கட்கிழமை பற்றி ஒரு வார்த்தை இல்லை. படுத்தேன், புரண்டேன்.

காலையில் அவள் வெளுத்த சேலை உடுத்தி, மாதிரித் துணியைப் பைக்குள் வைத்துக்கொண்டு நின்றாள். நல்ல வெயில். வண்டியைக் கூப்பிடட்டுமா என்றேன். தலையாட்டி வேண்டாம் என்றாள். படி இறங்கித் தெருவில் நடந்தாள். நான் சன்னலோரம் நின்றேன். எதிரே காப்பிக் கடை பெஞ்சில் வழக்கமான ஆட்கள். நேற்று கொட்டகையிலும் இருந்தவர்கள். ஒருத்தர் தன் டம்ளரால் பெஞ்சில் தட்டினார். டொக், டொக் என்று, அவள் நடைக்கு ஒத்தாற்போல. பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள்.

அக்கா நின்றாள். திரும்பினாள். வீட்டைப் பார்த்து வந்தாள்.

எல்லாம் முடிந்தது. நான் ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன்.

"எதையாவது மறந்துட்டியாக்கா?"

அவள் வாசற்படி வரைக்கும் வந்து, கோலால் அதைத் தொட்டாள். மூச்சு வாங்கியது.

"கேட்டாங்க இல்ல?" என்றாள், கடைப் பக்கம் தலையசைத்து. "ஒன்ஸ் மோர்."

மறுபடி திரும்பி, தெருவின் நடுவில், அதே நடையில் போனாள். டம்ளர் தட்டவில்லை. மடத்து வாசல் வரைக்கும் அவளுடைய கோல் சத்தத்தைத் தெருவே கேட்டுக்கொண்டிருந்தது.