வாங்காத வெற்றிலைத் தட்டு

பெருமாநல்லூரைச் சுற்றிப் பனியன் கம்பெனிகள் பெருகிய பிறகு, பருத்தி விளைந்த எங்கள் கிணற்றுக்காட்டு நிலத்துக்கு விலை பேச வாரம் ஒரு புரோக்கராவது வந்துவிடுகிறார். "ஊட்டுல யாருகிட்டப் பேசோணுமுங்க?" என்பார்கள். நான் மகனைக் கைகாட்டிவிட்டு உள்ளே போய்விடுவேன். புது ஆட்களிடம் எனக்கு அன்றும் பேச்சு வராது, இன்றும் வராது. ஆனால் அந்தக் காடு எங்களிடம் இருப்பதற்கு என் கூச்சமும் ஒரு காரணம்.

அப்போது எனக்கு ஏழு வயது. எங்கள் பருத்தியை அம்மாவின் தம்பியான மாமன்தான் விலை பேசி விற்பார். அதனால் ஊரே அவர் பேச்சை அப்பாவின் பேச்சாக எடுத்துக்கொண்டது. போகப் போக மாமனும் அப்படியே நினைத்துவிட்டார். அப்பா மாட்டுச் சந்தைக்குப் போயிருந்த ஒரு நாள், திருப்பூர் முதலாளி ஒருவரைக் கூட்டிக்கொண்டு, வெற்றிலைத் தட்டில் அச்சாரத்தோடு வாசலில் வந்து நின்றார். வீட்டு ஆள் கை நீட்டித் தட்டை வாங்கிவிட்டால் காடு கைமாறிவிட்டது என்றுதான் அர்த்தம்.

"வாங்கிக்கக்கா. மச்சாங்கிட்டப் பேசியாச்சு."

சாணி கரைத்துக்கொண்டிருந்த அம்மா, கைகளை முழங்கை வரை வாளிக்குள் விட்டாள். முதலாளியைப் பார்த்து, "கையெல்லாஞ் சாணிங்க. காட்டை விக்கறதில்லைன்னு அவரு சொல்லிட்டுத்தான் போயிருக்காருங்க" என்றாள்.

மாமன் என் பக்கம் திரும்பினார். "கண்ணு, நீ வாங்கு சாமி."

முதலாளி என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஓட வழியில்லாமல் அம்மாவை ஒட்டி உட்கார்ந்து, என் இரண்டு கைகளையும் அதே வாளிக்குள் விட்டேன்.

"இனி எருமைதாண்டா பாக்கி. அதுகிட்டக் குடு, போ!" என்றாள் அம்மா, தம்பியைப் பார்த்து.

முதலாளி நியாயஸ்தர். அப்பா வரட்டும் என்று வேப்பமரத்தடியில் காத்திருந்தார். மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்த அப்பாவிடம், "விக்கறதில்லைன்னு நீங்க சொன்னதா அம்மிணி சொல்றாங்க. நெசமுங்களா?" என்று கேட்டார்.

அப்பா மாமனைப் பார்த்தார். பிறகு சாணி காய்ந்துபோன எங்கள் கைகளைப் பார்த்தார்.

"ஆமாங்க. நாஞ் சொன்னதுதானுங்க."

முதலாளி கும்பிட்டுவிட்டுக் கிளம்ப, மாமன் தட்டோடு அவர் பின்னால் ஓடினார். அம்மா அன்று பருப்பும் வெல்லமும் பூரணம் வைத்து ஒப்பிட்டு சுட்டாள். வாயே திறக்காத நான் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம், எங்கள் அப்பா எதையும் முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுவார் என்று பீற்றிக்கொண்டேன். முந்தின நாள் சண்டையில் அப்பா அம்மாவோடு ஒரு வார்த்தையும் பேசாமல்தான் சந்தைக்குப் போனார் என்பதும், விற்பதில்லை என்ற வார்த்தையை அவர் முதன்முதலாகச் சொன்னதே முதலாளியின் முன்னால்தான் என்பதும் எனக்கு விளங்க, எனக்கே கல்யாணம் ஆகவேண்டியிருந்தது.