கிணறுகளைத் திரும்ப ஏற்றிய வாரம்

எட்டாம் மாசத்தில் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோனது. லீவு முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று, பாப்பாரப்பட்டி பஸ் நிறுத்தம் வரை என் வீட்டுக்காரர் கூடவே வந்தார்.

"இன்னும் கொஞ்ச நாள் வூட்லயே இருக்கலாமில்ல?" என்றார்.

"வூட்ல இருந்து என்ன பண்றதுங்க?" என்றேன். பஸ் வந்தது, ஏறிக்கொண்டேன்.

எண்பதுகளின் கடைசி அது. தருமபுரியில் நான் வேலை பார்த்த அரசு அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. மாவட்டத்துக் கிணறுகளின் விவரத்தை அதில் ஏற்றிக்கொண்டிருந்தோம். எந்த ஊர், எவ்வளவு ஆழம், கோடையில் தண்ணி நிற்குமா என்று தாள்தாளாக வரும். கண்ணாடித் தடுப்புக்கு உள்ளே ஒரே மெஷின், வெளியே திரையும் கீபோர்டுமாக நாலு டெர்மினல். நாலு பேர் ஒரே நேரத்தில் தட்டினாலும் ஆளுக்கொரு மெஷின் இருப்பதுபோலத்தான் தெரியும். பக்கத்தில் இருப்பவள் என்ன செய்கிறாள் என்பது நம் திரைக்கு வராது. அந்த நாட்களில் எனக்கு அது வசதியாக இருந்தது.

மெஷினைக் கவனித்துக்கொண்டவர் ஓசூர்ப் பக்கத்துக்காரர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். என்னை 'சிஸ்டர்' என்பார். அவர் லீவு போட்டால் மெஷின் என் பொறுப்பு.

"டைப் பண்ற புரோகிராம் ஒரு பக்கம், டேட்டா ஒரு பக்கம். ரெண்டும் இருக்கறது ஒரே மெஷின்லதான் சிஸ்டர். ஒண்ணு அதிகமா இழுத்தா இன்னொண்ணு படுத்துக்கும். அதனால எல்லாரும் தட்டிட்டு இருக்கறப்ப பெரிய ரிப்போர்ட் ஓட்டாதீங்க" என்று முன்பே சொல்லிக்கொடுத்திருந்தார்.

அவர் மனைவி நிறைமாசமாக இருந்தார். ஆபீசுக்கே தெரியும். எனக்கு மட்டும் தெரியக்கூடாது என்று எல்லாரும் சேர்ந்து முடிவு செய்திருந்தார்கள்போல. நான் உள்ளே நுழைந்தால் பேச்சு மழைக்கோ பஸ்சுக்கோ மாறிவிடும். எனக்குக் கோபமும் வரவில்லை, நன்றியும் வரவில்லை.

ஒருநாள் அவர், "ஊர்ல ஒரு வேலை இருக்குது சிஸ்டர்" என்றார், டேட்டாவை நகலெடுத்து வைக்கும் டேப் அலமாரியைப் பார்த்துக்கொண்டே.

"போயிட்டு வாங்க சார், நான் பாத்துக்கறேன்."

மறுநாள் முற்பகல் நாலு திரையும் ஒன்றாக நின்றன. கண்ணாடி அறைக்குள் போனேன். தகரத்தில் ஆணியை இழுப்பதுபோல, எல்லாம் பதிந்திருக்கும் டிஸ்கிலிருந்து ஒரு சத்தம். மெஷினை நிறுத்தினேன். அதிகாரி ஓடிவந்து, "ஐயோ, மேலிடத்துக்கு என்னம்மா சொல்றது?" என்று தலையில் கை வைத்தார். பெங்களூருக்கு நான்தான் போன் போட்டேன். இஞ்சினியர் வந்து டிஸ்கை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். முதலில் மெஷினை எழுப்பும் சிஸ்டம், பிறகு புரோகிராம், கடைசியில் டேட்டா என்று டேப் டேப்பாக ஏற்றினேன். கடைசியாக நகலெடுத்த டேப்பை மெஷின் படிக்கவில்லை. அதற்கு முந்தையதைப் படித்தது. இடையில் தட்டியதெல்லாம், ஏரியூர்ப் பக்கத்துக் கிணறுகள் முழுக்க, போய்விட்டன.

"தாள் பத்திரமா இருக்குதுங்க சார். திரும்பத் தட்டிக்கலாம்."

"தைரியசாலிம்மா நீ" என்றார் அதிகாரி.

அது தைரியமில்லை. பயப்பட உள்ளே ஆளே இல்லாமல் இருந்தது, அவ்வளவுதான்.

ஓசூர்க்காரர் திரும்பி வந்தபோது கையில் ஸ்வீட் டப்பா இருந்தது. எல்லா மேசைக்கும் போனார். என் மேசைக்கு முன்னால் வந்து, டப்பாவை மூடுவதா நீட்டுவதா என்று தெரியாமல் நின்றார்.

"ஆணா, பொண்ணுங்களா?" என்று கேட்டேன்.

"பொண்ணு, சிஸ்டர்." அவர் கண் கலங்கியது. "உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு..."

நானே ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். இனிப்பு என்று தெரிந்தது, ருசி தெரியவில்லை. "ஏரியூர் பூரா போயிடுச்சுங்க சார்" என்றேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு பக்கத்து டெர்மினலில் உட்கார்ந்தார். தாள்கட்டைப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம். அந்த வாரம் முழுக்க இரண்டு பேரும் கிணறுகளைத் தட்டினோம். பேச்சு வேலையைப் பற்றி மட்டும்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து என் வீட்டுக்காரரோடு ஓசூர்க்காரர் வீட்டுக்குப் போனேன். போகலாம் என்று சொன்னது நான்தான், ஏன் என்று தெரியாது. அவர் மனைவி ஒரு நிமிஷம் தயங்கிவிட்டுக் குழந்தையை என் மடியில் வைத்தார். கனமாக இருந்தது. எனக்கு ஏதாவது ஆகும் என்று மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. குழந்தை என் சேலையை நனைத்துவிட்டது.

"அய்யோ, குடுங்கக்கா" என்று அவர் மனைவி கை நீட்டினார்.

"இருக்கட்டும்மா, தூங்குது" என்றேன்.

ஈரம் காயும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகு சாப்பிடக் கூப்பிட்டார்கள்.